சாகாத இனோலேஸ்: தர்மபுரி ஆய்வகம் ஒன்றில் நடந்தது

பெங்களூரில் காலையில் கிளம்பிய பெட்டி ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக எங்கள் கல்லூரிக்கு வந்து சேர மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. ஏப்ரல் மாத வெயில். தெர்மோகோல் மூடியைத் திறந்தால் ட்ரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. நடுவில் ஜிப் கவர், அதற்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு இரண்டு சொட்டுத் திரவம். அந்த இரண்டு சொட்டில் இருந்தது 50 மைக்ரோகிராம் மனித இனோலேஸ் என்ற என்சைம்.

அடுத்த மூன்று வாரம் அந்த இரண்டு சொட்டைத்தான் நாங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தோம். அதற்கு ஒரு பாவமும் தெரியாது. நடந்ததை வரிசையாக எழுதி வைத்தால் நம் பக்கத்து ஆய்வகங்களில் இருப்பவர்களுக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்களுக்கு வந்த சிக்கல், இந்த மாவட்டத்தின் தண்ணீரை வைத்து வேலை செய்கிற யாருக்கும் வரலாம்.

எதற்கு இந்த என்சைம்

குளுக்கோஸைச் செல் உடைக்கும் கிளைகாலிசிஸ் பாதையில் ஒன்பதாவது படி இனோலேஸின் வேலை. 2-ஃபாஸ்போகிளிசரேட்டிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறைப் பிரித்தெடுத்து அதை ஃபாஸ்போஇனால்பைருவேட்டாக மாற்றும். 1934-ல் லோமன், மேயர்ஹாஃப் என்ற இரண்டு உயிர்வேதியியலாளர்கள் கண்டுபிடித்தது. மனித உடம்பில் இதற்கு மூன்று வடிவம் உண்டு: தசையில் அதிகம் இருப்பது ஒன்று, நரம்புச் செல்களில் இருப்பது ஒன்று, மற்றபடி எங்கும் பரவிக் கிடக்கும் ஆல்ஃபா வடிவம் ஒன்று. நாங்கள் வாங்கியது ஆல்ஃபா. 434 அமினோ அமிலம், ஏறத்தாழ 47 கிலோடால்டன் எடை, இரண்டிரண்டாகச் சேர்ந்தால்தான் வேலை செய்யும். மெக்னீசியம் இல்லாமல் அசையாது.

மனிதப் புரதம் என்றாலும் மனிதரிடமிருந்து எடுப்பதில்லை. அந்த ஜீனை பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் செருகி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் விட்டு, அது வளர்ந்து பெருகியதும் உடைத்து எடுக்கிறார்கள். புரதத்தின் ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடினை வாலாக ஒட்டியிருப்பார்கள். அந்த வால் நிக்கல் பத்தியில் ஒட்டிக்கொள்ளும், மற்ற பாக்டீரியாப் புரதமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். ரீகாம்பினன்ட் புரதம் என்று நாம் வாங்குவதில் பல இப்படி வருவதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'தூய்மை 95 சதவீதத்துக்கு மேல்' என்று தாளில் போட்டிருந்தால் என்சைம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒரே பட்டையாக ஓடுகிறது, அவ்வளவுதான் அர்த்தம். ஆன்டிபாடி சோதனைக்காக மட்டும் விற்கும் புரதங்களில் செயல்திறனை அளந்தே இருக்க மாட்டார்கள். லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணுக்கு நேரே 'ஒரு மில்லிகிராமுக்கு இத்தனை யூனிட்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எங்களுடையதில் இருந்தது. அதனால்தான் கோபமும் அதிகமாக வந்தது.

ஆய்வு பாலக்கோடு பக்கத்திலிருந்து வரும் ஒரு முனைவர் பட்ட மாணவியுடையது. பல புற்றுநோய்க் கட்டிகளில் ஆல்ஃபா இனோலேஸ் கூடுதலாக இருக்கும். ஆவாரம் இலைக் கஷாயம் அதைத் தடுக்குமா என்பது அவருடைய கேள்வி. பிப்ரவரியில் முதல் குழாய் வாங்கினோம், அருமையாக வேலை செய்தது. கஷாயத்தைச் சேர்த்தால் வேகம் பாதி அளவுக்கும் கீழே இறங்கியது. உடனே ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கமும் எழுதி அனுப்பினோம். இந்தக் கஷாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

கோடு படுத்துக்கொண்டது

அளக்கும் முறை இது. இனோலேஸ் தரும் பொருளை பைருவேட் கைனேஸ் என்ற இரண்டாவது என்சைம் பைருவேட்டாக மாற்றும். அதை எல்.டி.எச். என்ற மூன்றாவது என்சைம் லாக்டேட்டாக மாற்றும்போது என்.ஏ.டி.எச். என்ற துணை மூலக்கூறு செலவாகும். என்.ஏ.டி.எச். 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். ஆக, ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோவின் திரையில் கோடு சரிவாக இறங்கினால் முதல் என்சைம் ஓடுகிறது என்று பொருள். 240 நானோமீட்டரில் நேரடியாகவும் பார்க்கலாம், ஆனால் குவார்ட்ஸ் க்யூவெட் (கரைசலை ஊற்றி அளக்கும் சின்னக் குப்பி) வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே ஜோடியில் ஒன்றின் மூலை உடைந்து கிடந்தது.

ஏப்ரலில் இரண்டாவது குழாயைத் திறந்தோம். முறைப்படிதான் செய்தோம்: திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று, ஐஸில் வைத்தே ஐந்தைந்து மைக்ரோலிட்டராகப் பிரிப்பு, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாம் ஃப்ரீசருக்கு. நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஆல்புமின் கலந்த கரைசலில்தான் நீர்த்தோம். க்யூவெட்டில் போட்டதும் கோடு இறங்கத் தொடங்கியது. இருபது, முப்பது விநாடி. அப்புறம் வளைந்து, தரையோடு படுத்துக்கொண்டது.

"செத்துப்போச்சுங்க சார்," என்றார் மாணவி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ட்ரை ஐஸ் கரைந்த பெட்டி கண்முன் இருந்தது. பகலில் இரண்டு முறை மின்வெட்டும் ஆகியிருந்தது. சந்தேகப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

சோதனைக்கு ஃபாஸ்போஇனால்பைருவேட்டை நேரடியாக ஊற்றிப் பார்த்தோம். கோடு சடாரென்று இறங்கியது. ஆக பின்னால் வரும் இரண்டு என்சைமும் நன்றாக இருக்கின்றன, குறை இனோலேஸில்தான். ஜெல் ஓட்டினோம். 47-க்குப் பக்கத்தில் ஒரே பட்டை, உடைந்த துண்டு எதுவும் இல்லை. புரதம் முழுசாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. பிப்ரவரிக் குழாயில் மிச்சமிருந்த கடைசிப் பங்கையும் எடுத்துப் போட்டோம். அதுவும் படுத்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். வேறு வேறு லாட், வேறு வேறு மாதம், இரண்டும் ஒரே மாதிரி முப்பது விநாடி ஓடிவிட்டு நிற்கின்றன. இரண்டும் தனித்தனியாக ஒரே விதத்தில் கெட்டுப்போக வாய்ப்பு எவ்வளவு? யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் 'ஃப்ரீசர் சரியில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டு, விற்றவர்களுக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்.

பதில் மறுநாளே வந்தது. எந்த பஃபர் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), என்ன பி.எச்., எந்தத் தரத் தண்ணீர் என்று கேட்டிருந்தார்கள். பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கிற வழக்கமான கேள்விப் பட்டியல் என்று அதை ஒதுக்கி வைத்தேன். அந்தப் பட்டியலில் மூன்றாவது கேள்விதான் விடை.

சாம்பல் மூடி

கல்லூரியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணனுக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தார்கள். மாணவி கூடப் போயிருந்தார். பி.எச்.டி. சேரும் முன் ஒரு வருடம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவர். திரும்பி வந்து என் மேசை முன் நின்றார்.

"சார், சுகருக்கு எடுக்கற சாம்பல் மூடி டியூப்ல என்ன போட்டிருக்கும்?"

"சோடியம் ஃபுளோரைடு. ரத்தச் செல்லு சர்க்கரையைத் தின்னுடாம இருக்க."

"எந்த என்சைம்ல நிக்குதுங்க சார்?"

எனக்குப் பதில் வரவில்லை. தெரியாமல் இல்லை. வருடா வருடம் இரண்டாமாண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடும் விடை அது. ஃபுளோரைடு தடுப்பது இனோலேஸை.

"நம்ம ஊரு தண்ணிங்க சார்," என்றார் அவர், மெதுவாக. சிரித்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வது அவர் பழக்கம். முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்கும் இருப்பதுதான். பல் எனாமல் உருவாகும் சின்ன வயதில் ஃபுளோரைடு கூடிப்போனால் விழும் கறை அது. தேய்த்தால் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் தொடங்கி வைத்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து வரும் பாதிப்பு) தணிப்பு என்று இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டுதான் மூன்று வாரம் ட்ரை ஐஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. சாம்பல் மூடிக் குழாயில் ஒரு மில்லி ரத்தத்துக்கு சுமார் 2.5 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு இருக்கும், அதாவது செறிவுக் கணக்கில் 60 மில்லிமோலார். எந்தப் போர்வெல்லிலும் அந்த அளவு வராது. நம் தண்ணீரில் இருக்கக்கூடியது அதில் பல நூற்றில் ஒரு பங்கு. அது எப்படிப் போதும்?

விடை பஃபரில் இருந்தது. ஃபுளோரைடு தனியாக வந்து இனோலேஸை அடைப்பதில்லை. மெக்னீசியம், ஃபாஸ்பேட், ஃபுளோரைடு மூன்றும் சேர்ந்து என்சைமின் வேலைக்குழியில் போய் உட்கார்கின்றன. வார்பர்க், கிறிஸ்டியன் என்ற உயிர்வேதியியலாளர்கள் 1940-களின் தொடக்கத்திலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ஃபாஸ்பேட் கூடக் கூட, குறைந்த ஃபுளோரைடே போதும். ரத்தத் திரவத்தில் ஃபாஸ்பேட் ஒரு மில்லிமோலார் அளவில்தான் இருக்கும். எங்கள் பஃபரோ 50 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபாஸ்பேட். எதிரிக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்ததே நாங்கள்தான். இந்த மூன்றும் கூடி உட்கார நேரம் பிடிக்கும் என்று வைத்தால் அந்த முப்பது விநாடிச் சரிவுக்கும் அர்த்தம் கிடைத்தது. செத்த என்சைம் முதலிலிருந்தே ஓடாது. இது ஓடத் தொடங்கி, பிறகு பிடிபட்டது.

போகிற போக்கில் ஒன்று. சாம்பல் மூடிக் குழாயிலும் சர்க்கரை உடனே நிற்பதில்லை. இனோலேஸ் பாதையின் அடிப்பக்கத்தில் இருப்பதால், மேலே குளுக்கோஸைப் பிடிக்கும் படிகள் இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடும். ரத்தம் எடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்.

தண்ணீரைத் தேடி

பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் என்ன மாறியது? நோட்டைப் புரட்டினால் இருக்கிறது. மார்ச்சில் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) தயாரிக்கும் கருவியின் சூடேற்றும் காயில் எரிந்துபோனது. புதுசு வாங்கக் கொட்டேஷன் போட்டு அனுப்பியிருந்தோம், கோப்பு எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. அதுவரை வராந்தாவில் இருக்கும் ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து பஃபர் கலக்கியிருக்கிறார்கள். நான்தான் சரி என்று சொல்லியிருக்கிறேன். என் கையெழுத்தே இருக்கிறது.

இரண்டு சோதனை வைத்தோம். முதலாவது, பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரண்டு லிட்டர் நல்ல வாலைவடிநீர் வாங்கி வந்து பழைய முறைப்படியே ஃபாஸ்பேட் பஃபர். செத்துப்போனதாகச் சொன்ன அதே என்சைமைப் போட்டோம். கோடு பிப்ரவரியில் இறங்கியது போலவே இறங்கியது. அறையில் யாரும் பேசவில்லை. அதே க்யூவெட்டில் சோடியம் ஃபுளோரைடு 100 மைக்ரோமோலார் வரும்படி சேர்த்தோம். அரை நிமிடத்துக்குள் வளைந்து படுத்துவிட்டது.

இரண்டாவது, ஆர்.ஓ. தண்ணீரிலேயே ஃபாஸ்பேட் இல்லாமல் ட்ரிஸ் என்ற வேறு பஃபர். நாங்கள் நினைத்தது சரியென்றால் இதில் ஓட வேண்டும். ஓடவில்லை. ஒரு முழு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது: பைருவேட் கைனேஸுக்குப் பொட்டாசியம் வேண்டும். இதுவரை அது ஃபாஸ்பேட் பஃபரிலிருந்து சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. பஃபரை மாற்றியபோது பொட்டாசியமும் சேர்ந்து போய்விட்டது. பொட்டாசியம் குளோரைடு சேர்த்ததும் கோடு இறங்கியது, ஆனால் முழு வேகத்துக்கு வரவில்லை. மிச்சக் குறை கால்சியத்தால் இருக்கலாம் என்பது என் ஊகம். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் இனோலேஸில் மெக்னீசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யாமல் உட்காரும். நல்ல தண்ணீரில் கால்சியம் குளோரைடு மட்டும் சேர்த்துப் பார்த்ததில் வேகம் கொஞ்சம் இறங்கியது, கோடு படுக்கவில்லை.

சரி, ஆர்.ஓ. என்றால் ஃபுளோரைடு பெரும்பாலும் போய்விட வேண்டுமே. மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களில் போர்வெல், ஆர்.ஓ., வாலைவடிநீர் என்று எழுதி ஒட்டி நீர்ப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கண்ணாடிப் பாட்டிலில் ஃபுளோரைடு மாதிரி எடுக்கக் கூடாது. முடிவு வந்தது: போர்வெல்லில் லிட்டருக்கு 3.4 மில்லிகிராம், ஆர்.ஓ.வில் 1.9, வாலைவடிநீரில் அளவிட முடியாத அளவு. ஃபுளோரினின் அணு எடை 19. வகுத்தால் ஆர்.ஓ. தண்ணீரில் இருந்தது சரியாக 100 மைக்ரோமோலார். இந்தியக் குடிநீர்த் தரத்தில் 1.0 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது அந்தத் தண்ணீர் என்சைமுக்கு மட்டும் ஆகாது என்றில்லை. துறையில் எல்லோரும் தினமும் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்தது அதுதான்.

அட்டெண்டர் அண்ணன் ஆர்.ஓ. பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினார். வடிகட்டி வெளியேறும் குழாயும் வடிகட்டாத குழாயும் சேரும் இடத்தில் ஒரு சின்னத் திருகு. டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்பார்கள். அதைத் திறந்தால் சுத்தமான தண்ணீரோடு பழைய தண்ணீர் கொஞ்சம் கலந்து வரும், வாய்க்கு ருசியாக இருக்கும்.

"போன வருசம் ஸ்டாஃப் எல்லாம் தண்ணி சப்புனு இருக்குன்னாங்க சார். சர்வீஸ் தம்பி வந்து திருகி விட்டுட்டுப் போனாப்ல."

அந்த ஸ்டாஃப் கூட்டத்தில் நானும் ஒருவன்.

கஷாயம்

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி. ஆனால் மாணவி தன் பழைய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரியில் பஃபருக்கு வாலைவடிநீர்தான். ஆனால் கஷாயம்? குடிக்கிற மருந்துதானே, குடிக்கிற தண்ணீரிலேயே வைப்போம் என்று ஆர்.ஓ. தண்ணீரில் காய்ச்சியிருக்கிறார். அதுவும் ஒரு லிட்டரை நூறு மில்லியாக வற்றவைத்து.

காய்ச்சினால் ஃபுளோரைடு ஆவியாகிப் போகாது. தண்ணீர்தான் போகும். பத்து மடங்கு வற்றினால் கணக்குப்படி ஒரு மில்லிமோலார். சட்டியின் அடியில் படியும் வெள்ளைப் பொடியோடு கொஞ்சம் போயிருக்கும் என்று வைத்தாலும் மீதி கரைசலில்தான். அதில் நூறு மைக்ரோலிட்டரை ஒரு மில்லி க்யூவெட்டில் ஊற்றினால் மறுபடியும் 100 மைக்ரோமோலார் பக்கம் வந்து நிற்கும். இலைக்கு அதில் வேலையே தேவையில்லை.

மறுநாள் காலை அவர் இலை போடாமல் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் அதே சட்டியில், அதே அடுப்பில், பத்தில் ஒன்றாக வற்றவைத்தார். ஆறவைத்து வடிகட்டி என்சைமில் ஊற்றினார். வெறும் தண்ணீர்க் கஷாயம் ஏறக்குறைய ஆவாரங்கஷாயம் அளவுக்கே தடுத்தது. இந்த ஒப்பீட்டை முதல் நாளே வைத்திருக்க வேண்டும். வைக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். காரணத்தை மறைக்காமல் எழுதினோம். என்சைம் விற்றவர்களுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதிலில் திட்டவில்லை, எந்த ஊர் என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

வாலைவடிநீர்க் கருவிக்குப் புது காயில் ஜூனில் வந்தது. இனோலேஸ் வேலைக்கு இப்போது ஃபாஸ்பேட் பஃபரே கிடையாது, ட்ரிஸும் பொட்டாசியம் குளோரைடும்தான். பஃபர் பாட்டிலின் லேபிளில் தேதி, பி.எச்., பெயர் ஆகியவற்றோடு 'தண்ணீர் எங்கிருந்து' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. ஆர்.ஓ. திருகை முழுக்க மூடியாகிவிட்டது, தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்ற புகார் மறுபடி வரத் தொடங்கியிருக்கிறது. வாலைவடிநீரில் காய்ச்சிய ஆவாரம் இலையில் லேசான தடுப்பு மட்டும் தெரிகிறது, அது இலையின் டானின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தோடு ஒட்டுவதால் வரும் பொய்த் தடுப்பா என்று மாணவி பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏப்ரலில் செத்துப்போனது என்று எழுதிய குழாயில் இன்னும் ஆறு பங்கு ஃப்ரீசரில் இருக்கிறது. போன வாரம் ஒன்றை எடுத்து ஓட்டினோம். தாளில் போட்டிருந்த யூனிட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு.